முதலில் ஸ்ட்ரோப், அப்புறம்தான் புதுக் கேமரா

காம்பாக்ட் கேமராவோடு கடலுக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் டைவில் எடுத்த படம் முழுக்க நீலம் பூத்து, சோகையாக இருக்கும். உடனே "கேமரா சரியில்லை, அடுத்த மாடல் வாங்கணும்" என்று கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள் சாமி! குற்றவாளி கேமரா இல்லை, தண்ணீர்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். 10 மீட்டர் ஆழத்தில் சிவப்பு மீன் கூட அழுக்குப் பழுப்பாகத் தெரியும். அங்கே இல்லாத நிறத்தை எந்தக் கேமரா பிடிக்கும்? வெளிச்சத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

"அதான் கேமராவிலேயே ஃபிளாஷ் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, லென்ஸுக்குப் பக்கத்திலேயே! அதனால் மீனுக்கும் நமக்கும் நடுவே மிதக்கிற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் விழும். ஸ்ட்ரோப் என்பது தண்ணீர் புகாத தனி ஃபிளாஷ். அதை நீட்டுக் கையில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால், இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சரி, எதை வாங்குவது? நான் மூன்று விஷயம்தான் பார்ப்பேன்.

1. ஃபைபர் ஆப்டிக் கேபிளில் இயங்க வேண்டும். கேமரா ஃபிளாஷின் வெளிச்சமே கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோபை எழுப்பும். (கோப்ரோ மாதிரி ஃபிளாஷே இல்லாத கேமராவுக்கு இது சரிப்படாது.)

2. பல காம்பாக்ட்கள் நிஜ ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு குட்டி ஃபிளாஷ் அடித்து அளவு பார்க்கும். அதற்கு ஏமாறாத ஸ்ட்ரோப் வேண்டும். ஏமாந்தால் முன்கூட்டியே அடித்துவிட்டு, படம் எடுக்கிற நொடியில் தூங்கிவிடும்.

3. வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைக்கத் திருகு வேண்டும். டிடிஎல் என்கிற தானியங்கி முறை வசதிதான். ஆனால் வெள்ளை மணலும் பளபளக்கும் மீனும் அதைச் சுலபமாக ஏமாற்றிவிடும். இனான் எஸ்-2000 போன்ற சின்ன ஸ்ட்ரோபில் இரண்டுமே உண்டு, நாலு ஏஏ பேட்டரி போதும்.

விலை? கேமரா விலையை நெருங்கும்தான். ஆனால் காமர்ஸ் படிக்கிறவன் தேய்மானம் பார்க்காமல் இருப்பானா? மாடல் மாறினால், பழைய கேமராவுக்கென்றே செய்த ஹவுசிங்கும் பெரும்பாலும் குப்பைக்குப் போகும். ஸ்ட்ரோப் மட்டும் அடுத்த காம்பாக்டுக்கும் உழைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரோப் வெளிச்சம் போகும்போதும் திரும்பும்போதும் தண்ணீர் அதைத் தின்னும். அதனால் ஒரு மீட்டருக்குள் நெருங்கினால்தான் நிறம் நன்றாக வரும். அசையாமல் மிதக்கத் தெரியாமல் நெருங்கினால் நொறுங்குவது பவளம். பல வருஷம் வளர்ந்ததை ஒரு படத்துக்காக உடைத்தால் அது எந்தக் கணக்கிலும் நஷ்டம்தான். மிதக்க வராதவர்கள் ஸ்ட்ரோபும் வாங்க வேண்டாம், கேமராவும் வாங்க வேண்டாம். அந்தக் காசில் முதலில் இன்னும் பத்து டைவ் போங்கள்.