டிவிடி டிரைவைத் தூக்கிப்போடும் முன்



2000-களில் கல்யாணம் நடந்த வீடுகளின் பீரோவில், ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடி ஒன்றாவது இருக்கும். முகூர்த்த நேரத்துப் பரபரப்பும், இன்று நம்மோடு இல்லாத பெரியவர்களின் குரலும் அதில் இருக்கின்றன. ஆசையாகப் போட்டுப் பார்க்கப் பழைய லேப்டாப்பை எடுத்தால், டிரைவையே காணோம். "டிரைவ் போச்சுங்க, விட்டுடுங்க" என்று யாராவது சொன்னால் நாமும் விட்டுவிடுகிறோம். அப்படி விடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: டிரைவ் தெரியாதது பயாஸுக்கா, விண்டோஸுக்கா?

பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே மதர்போர்டில் உள்ள பயாஸ், எந்தெந்தப் பாகங்கள் இணைந்திருக்கின்றன என்று பார்த்துவிடுகிறது. ஆன் செய்தவுடன் டெல், ஏசர் லேப்டாப்களில் எஃப்2 பட்டனையும், எச்பியில் எஃப்10 பட்டனையும் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் பயாஸ் திரை திறக்கும். அங்கே டிரைவின் மாடல் பெயர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. டிரைவ் உயிரோடு இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான்.

அப்போது விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிரைவின் பெயர்மேல் மஞ்சள் குறி இருந்தால், அன்இன்ஸ்டால் செய்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். சரியாகாமல் கோட் 19 அல்லது 39 என்று காட்டினால், எப்போதோ போட்டு எடுத்த சிடி ரைட்டிங் சாஃப்ட்வேர் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பதிவுகள் காரணமாக இருக்கலாம். ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் டிரைவ் தெரிகிறது, விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து மட்டும் பூட் ஆகவில்லை என்றால், முதலில் பூட் வரிசையைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் டிஸ்க்கின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி சிடியும் 32 பிட் விண்டோஸ் 7 டிவிடியும் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகாதவை. பயாஸில் லெகசி என்ற பழைய முறைக்கு மாற்றினால்தான் அவை கிளம்பும். வேலை முடிந்ததும் முன்பிருந்த முறைக்கே திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம்.

பயாஸிலேயே பெயர் இல்லையா? அந்த டிரைவை அங்கேயே யாராவது டிஸேபிள் செய்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். விளக்கும் எரியாமல் தட்டும் அசையாமல் இருந்தால், டிரைவுக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். பல மாடல்களில் ஒரே ஒரு ஸ்க்ரூதான் டிரைவைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் டிரைவ் பக்கவாட்டில் அப்படியே உருவிக்கொண்டு வரும். பின்புறம் 7, 6 என்று இரு வரிசையாக இருக்கும் சாட்டா தொடுமுனைகளில் தூசி இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நன்றாக அழுத்திச் செருகுங்கள். பையில் தூக்கித் திரிந்த லேப்டாப்களில் இந்த இணைப்பு மயிரிழை விலகியிருந்தாலே டிரைவ் தெரியாமல் போகும். உள்ளே டிஸ்க் மாட்டியிருந்தால், முகப்பில் உள்ள சின்னத் துளைக்குள் விரித்த ஜெம் கிளிப்பை விட்டு அழுத்துங்கள். தட்டு வெளியே வரும். லேப்டாப் டிரைவில் லென்ஸும் அந்தத் தட்டின்மேலேயே இருக்கிறது, விரல் படாமல் எடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியவர்கள் இதையும் கவனியுங்கள். டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் கேடி (caddy) என்ற தாங்கு சட்டத்தை வைத்து ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தியிருக்கலாம். வெளியே முகப்பு பிளாஸ்டிக் மட்டும் அப்படியே இருக்கும். அங்கே இல்லாத டிரைவைத் தேடிச் சலித்துப்போக வேண்டாம்.

இத்தனையும் பார்த்துப் பயனில்லை என்றாலும் வழி இருக்கிறது. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் தெரியவில்லை என்றால் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர் சில டிரைவ்களுக்குப் போதாது.

டிரைவ் கண்விழித்ததும் படம் பார்த்து மகிழுங்கள். அன்றே நகலும் எடுத்துவிடுங்கள். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் ரைட் செய்த டிஸ்க்குகளில் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு சாயப் பூச்சு. வெயிலிலும் வெக்கையிலும் அது மெல்ல மங்கும். ஒரு டிவிடியில் இருப்பது அதிகம் போனால் 4.7 ஜிபி; இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி. ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, உடன்பிறந்தவர் வீட்டில் ஒன்று என இரண்டு இடங்களில் வையுங்கள். டிரைவைப் பிறகும் வாங்கலாம். அந்தக் குரல்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்