கிளைக்கதையும் சுவைஞரும்

ஒரு கதை மக்கள் உள்ளத்தில் வேரூன்றிய பின்னர் அது ஆக்கியோனுக்கு மட்டும் உரியதாய் நிற்பதில்லை. கேட்டவர் யாவரும் அதற்குப் பங்காளிகள் ஆகின்றனர். பங்காளிகள் உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. அவ்வழக்குகளுள் மிகக் கடுமையானது, மூலக்கதையிலிருந்து மற்றொருவர் கிளைக்கதை ஒன்றை வளர்க்கும்போது எழுவதாம். ‘இஃது எங்கள் கதையன்று’ என ஒரு சாரார் முழங்குவர். ‘இதுவும் அதன் கிளையே’ என மற்றொரு சாரார் மறுப்பர்.

இக்காலத்தில் இவ்வழக்குப் பேரொலியோடு நிகழும் இடம் மேனாட்டு விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களாகும். நெடுங்கேணி இளைஞரும் கைத்தொலைபேசியில் அவற்றைப் பார்க்கின்றனர். மறுநாள் பள்ளி வாயிலில் நின்று வாதிடுகின்றனர். தமிழ் கற்பிப்போனுக்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். அலுவல் உண்டு. கிளைக்கதையைக் கொள்வதா, தள்ளுவதா என்னும் வழக்கைத் தமிழர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடத்தி வந்துள்ளனர். அதிற் கண்ட நீதியை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.

முதற்கண் அயல்நாட்டுச் செய்தியை நோக்குவோம். அமெரிக்காவில் 1966 இல் ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் தொடர் தொடங்கிற்று. என்டர்பிரைஸ் என்னும் விண்கலமும், அதன் தலைவன் கேர்க்கும், கூர்ஞ்செவியுடைய ஸ்பொக்கும் பார்ப்போர் மனங்கவர்ந்தனர். தொடரை நிறுத்தப் போகின்றனர் என்ற செய்தி பரவியபோது இரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தனர். தொடர் நீடிக்கும் என்று 1968 இல் ஒளிபரப்பு நிறுவனம் திரையிலேயே அறிவிக்க நேர்ந்தது. 1969 இல் அது முடிவுற்றது. பின்னர் 1987 இல், அதே உலகத்தில் அடுத்த தலைமுறையின் கதையாக ஒரு புதுத்தொடர் முளைத்தது. பழைய அன்பர் பலர் முகஞ்சுளித்தனர். கேர்க் இல்லாத கலமும் ஒரு கலமா என்றனர். ஆங்கில நாடக மேடையிற் பயின்ற, வழுக்கைத் தலையரான ஒரு நடிகர் விண்கலத் தலைவராய் அமர்ந்தது அவர்களுக்கு ஒவ்வவில்லை. ஆயினும் அத்தொடர் ஏழு பருவம் நிலைத்து 1994 வரை ஓடியது. இன்று அதனையே மூலமாகக் கொண்டாடுவோர் பலர்.

1993 இல் மூன்றாவது கிளையாகிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’ வந்தது. அதிலே கதை நிகழுமிடம் கலமன்று. நின்ற இடத்தில் நிற்கும் ஒரு விண்ணிலையம். பயணக் கதையிற் பயணம் எங்கே என்று பழித்தனர். நிலைத்த இடம் என்பதனாலேயே அரசியலும் போரும் சமயமும் அங்கே ஆழமாகப் பேசப்பட்டன என்பதைப் பிற்காலத்தார் உணர்ந்தனர். எனவே, முதல் நாட் சினம் இறுதித் தீர்ப்பாகாது என்பது இவற்றாற் பெறப்படும்.

1977 இல் திரைப்படமாகத் தோன்றிய ‘ஸ்டார் வார்ஸ்’ கதைக்கும் இந்நாளிற் கிளைத்தொடர்கள் பல. அவற்றுள் 2022 இல் வந்த ‘அண்டோர்’ ஒன்று. அதன் தலைமகன் 2016 இல் வெளிவந்த ‘ரோக் வன்’ என்னும் படத்தின் முடிவிலேயே இறந்துபட்டவன். இறப்பது தெரிந்த ஒருவனின் முற்கதையிற் சுவை ஏது எனத் தொடங்குமுன்னரே ஐயுற்றவர் உளர். இவ்வையம் நம் நாட்டுக் கூத்துக் களரியிலே எழாது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்துப் பார்க்க அமர்ந்தவருள், கோவலன் வெட்டுண்பான் என்பதை அறியாதவர் எவர்? அறிந்தே விடியும்வரை இருப்பர். ‘என்ன நடக்கும்’ என்பதினும் ‘எவ்வாறு அந்நிலை எய்தினான்’ என்பதே ஆழ்ந்த சுவை. ‘அண்டோர்’ அச்சுவையைத் தந்தது. 2025 இல் இரண்டாம் பருவத்தோடு முடிந்தபோது ஐயுற்றோரும் பாராட்டினர்.

இனி, மாறான செய்தி ஒன்று. 2024 இல் ‘அகொலைட்’ என்னும் கிளைத்தொடர் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. ஒரு பருவத்தோடு அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. கதைப் போக்குத் தளர்ந்தது, உரையாடல் உயிரற்றது என்றாற்போலக் கூறப்பட்ட குறைகள் முறையானவை. அவற்றைக் கூறுவது சுவைஞன் உரிமை. ஆனால் வழக்கு அவ்வளவில் நிற்கவில்லை. கி-அடி-முண்டி என்னும் துணைப்பாத்திரம் இத்தொடரிற் சில நொடி தோன்றினான். அவனது பிறந்த ஆண்டாகப் பழைய துணைநூல் வழக்கிற் குறிக்கப்பட்டிருந்ததற்கு முன்னரே அவன் தோன்றியது எவ்வாறு என்று பெரும்போர் மூண்டது. இரசிகர்களே தொகுத்து வரும் கலைக்களஞ்சியத்தில் அவ்வாண்டைத் திருத்தியவர்களுக்கு மிரட்டல்கள் சென்றன. தலைமை நடிகை அமண்ட்லா ஸ்டென்பேர்க் நிறத்தைச் சுட்டி இழிவுரைக்கப்பட்டார். 2022 இல் ‘ஒபி-வான் கெனோபி’ தொடரில் நடித்த மோசஸ் இங்கிராம் என்னும் கறுப்பின நடிகைக்கும் இக்கொடுமை நேர்ந்தது. உடன் நடித்த யூவன் மக்கிரெகர் வெளிப்படையாகவே அதனைக் கண்டிக்க நேர்ந்தது. இவை திறனாய்வு அல்ல. கதைமேற் கொண்ட காதல் என்னும் போர்வையில் மனத்தின் மாசு வெளிப்பட்டமையேயாம்.

இவ்விரண்டினையும் பிரித்தறியும் அளவுகோல் எது? அதனை நம் இலக்கியத்திலே காணலாம்.

மணிமேகலை, சிலப்பதிகாரத்தின் கிளைக்கதை. இளங்கோவின் காப்பியத்தில் மணிமேகலை சிறிதளவே பேசப்படும் பெண். சாத்தனார் அவளைத் தலைவியாக்கி முப்பது காதை பாடினார். பாடியதோடு அமையவில்லை. வஞ்சி நகரிற் கோயில் கொண்ட கண்ணகியின் படிமத்தையே பேசவைத்தார். மதுரையை எரித்த சினம் வினையாகித் தன்னைத் தொடரும் என்று கண்ணகி வாயாலேயே அங்கே கூறுவித்தார். சிலம்பிலே கற்பின் வெற்றியாய் ஒளிர்ந்த அச்சினம், மேகலையிலே பயன் நுகர்ந்து தீர வேண்டிய வினையாய் நிற்கின்றது. இதனினும் பெரிய மாற்றம் ஒரு கிளைக்கதையில் உண்டோ? எனினும் தமிழுலகம் மேகலையைத் தள்ளிவிடவில்லை. இரட்டைக் காப்பியம் எனப் பெயரிட்டு இரண்டனையும் பக்கத்திற் பக்கமாக வைத்தது. ஏன்? சாத்தனார் கண்ணகியின் சினத்தை மறைக்கவுமில்லை, சிறுமைப்படுத்தவுமில்லை. அவளை அவளாகவே நிறுத்தி, அச்செயலுக்குத் தம் சமயம் கண்ட பொருளைக் கூறினார்.

கம்பர் இராமகாதையில் இரணியன் வதைப் படலத்தை அமைத்தார். அது வான்மீகத்தில் இல்லை. திருவரங்கத்து அரங்கேற்றத்தில் அறிஞர் அதற்குத் தடை கூறினர் என்றும், அங்குள்ள நரசிங்கப் பெருமானே தலையசைத்து ஏற்றருளினார் என்றும் கன்னபரம்பரை உரைக்கின்றது. இது வரலாறோ கதையோ, அதனுள் ஒரு நீதி உண்டு. தடை கூறிய புலவர்கள் முழுதும் கேட்ட பின்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது.

இவையெல்லாம் நூற்கதை என்பார்க்கு எங்கள் வன்னியையே சான்றாகக் காட்டுவேன். நந்திக்கடற் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்த பின்னர்க் கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களிலே தங்கி, பத்தாவதாக இவ்விடம் சேர்ந்தாள் என்பது எங்கள் மக்கள் வழக்கு. இளங்கோவின் நூலில் இவ்வருகை இல்லை. அன்றியும், ஈழத்தில் வழங்கும் கண்ணகி வழக்குரைக் கதை, அவள் பாண்டியன் சோலை மாங்கனியிலே பிறந்தாள் என்கின்றது. இளங்கோவோ மாநாய்கன் மகள் என்கிறார். மேற்சொன்ன கலைக்களஞ்சியப் போர்வீரர்கள் இங்கே வந்தால் எத்தனை மிரட்டற் கடிதம் எழுதுவரோ அறியேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வைகாசிப் பொங்கலன்று கடல்நீரில் விளக்கெரிவதை வணங்கி நிற்பார்; அவரே தம் பேரனுக்குச் சிலப்பதிகாரம் படிப்பிக்கச் சொல்வார். இரண்டுக்கும் இடையே பகை காணார். பிறப்பு வேறானாலும், வந்த வழி வேறானாலும், மன்னன் முன்னே நின்று நீதி கேட்டவள் அவளே என்பது அவருக்குத் தெரியும். ஏடும் நூலும் இழந்து இடம்பெயர்ந்த காலத்திலும் வன்னி மக்கள் இக்கதையை இழக்காமைக்கு, அது கிளைவிட்டு எங்கள் மண்ணில் ஊன்றியதே காரணம் என்பது என் துணிபு.

ஆகவே அளவுகோல் இது: செய்தி மாறலாம், பண்பு மாறலாகாது. நீதி கேளாத கண்ணகியை ஒருவர் படைப்பாராயின், ஆண்டும் ஊரும் அணுவளவும் பிழையாதிருப்பினும் அது பொய்க்கிளை. பாத்திரத்தின் உள்ளத்தை உண்மையாக வளர்க்கும் கதை, பிறந்த ஆண்டிற் பிழைத்தாலும் மெய்க்கிளை.

இதற்கு ஒரு தடை கூறுவர். சாத்தனார் காசுக்குப் பாடினாரல்லர். இக்காலத்துக் கிளைத்தொடரோ நிறுவனங்கள் இலாபங்கருதி வளர்ப்பது. அன்புடையார் சினப்பதில் என்ன தவறு என்பர். இத்தடையில் உண்மை உண்டு. பழைய பெயரைக் கூவி விற்கும் சரக்குகள் பல வருகின்றன. அவற்றைச் சரக்கு என்று சொல்லும் உரிமையை நான் மறுக்கவில்லை. அண்டோரும் அகொலைட்டும் ஒரே நிறுவனத்துச் சரக்கே. ஆயினும் ஒன்று பாராட்டப்பட்டது, மற்றது கைவிடப்பட்டது. ஆதலின் முதலீட்டை மட்டும் நோக்கி ஆக்கத்தை அளத்தல் ஆகாது. பார்த்தே அளத்தல் வேண்டும்.

இப்பூசல் அயலாருக்கு மட்டும் உரியதும் அன்று. கல்கி 1950 இல் எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வன் முடிந்தபோது, முடிவு போதாதென்று வாசகர் பலர் குறைப்பட்டனர்; அவர் முடிவுரை எழுதி அவர்களுக்கு விடையிறுத்தார். விக்கிரமன் அக்கதையைத் தொடர்ந்து நந்திபுரத்து நாயகி எழுதினார். 2023 இல் மணிரத்தினத்தின் இரண்டாம் படத்தில் முடி சேந்தன் அமுதனுக்குச் சூட்டப்படவில்லை என்று எத்தனை பேர் கொதித்தனர்! அக்கொதிப்பைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பதே உண்மை. எழுபது ஆண்டு முந்திய ஒரு நாவலின் பாத்திரத்துக்காக இளைஞர் வழக்காடுவரெனின், அந்நாவல் உயிரோடிருக்கிறது. கொதிப்பில்லாத இடத்தில் இலக்கியமும் இல்லை. வேண்டுவது கொதிப்பை அடக்குவதன்று, அதனை நெறிப்படுத்துவது.

அந்நெறியைக் கற்பிக்கும் இடம் வகுப்பறை. நம் மாணாக்கர் பாடநூற் பாத்திரங்களைப் பற்றி எழுதும் விடைகளைப் பாருங்கள். யாரோ எழுதிய குறிப்பை மனனஞ்செய்து ஒப்புவிக்கின்றனர். அதே மாணாக்கர் ஒரு விண்வெளி வீரனுக்காக, ‘அவன் அவ்வாறு செய்யும் இயல்பினன் அல்லன்’ என்று கண்சிவக்க வாதிடுகின்றனர். இவ்விரண்டனுள் எது இலக்கியத் திறனாய்வு? பின்னதே. பாத்திரத்தின் இயல்பு, செயலின் காரணம், கதையின் பொருத்தம் ஆகிய மூன்றும் அதிலே உள்ளன. ஆனால் அவ்வாதம் வசையிலே முடியுமாயின் மூன்றும் பாழாகும். வசைக்குப் பழகிய நா நயத்தை மறந்துவிடும். நாளை தமிழிலே புதுக்கிளை ஒன்றை வளர்க்கத் துணியும் இளைஞனையும் அந்நாவே முளையில் அரிந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு நான் கூற விழைவது இதுவே. அத்தொடர்களைப் பார்க்காதே என்று தடுக்க வேண்டா. பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம், ‘எந்த இடத்தில் அப்பாத்திரம் பொய்த்தது? சான்று காட்டு’ என்று வினவுக. பின்னர், மாதவியைப் பற்றியோ கோப்பெருந்தேவியைப் பற்றியோ கிளைக்கதை ஒன்று எழுதிவரச் சொல்லுக. எழுதி வந்ததை முழுதும் படித்த பின்னர்க் குறை கூறுக. அக்குறை கதையைப் பற்றியதாக இருக்கட்டும். எழுதிய பிள்ளையின் ஊரையும் குலத்தையும் நிறத்தையும் பற்றியதாக ஒருபோதும் இருக்கலாகாது.