தென்காசி நாலெழுத்தா, எட்டெழுத்தா?

"கோட் எழுதறவனுக்குத் தமிழ் எதுக்கு?" இந்தக் கேள்வி எழாத கம்ப்யூட்டர் லேப் நம் பக்கத்தில் இருக்காது. கேட்பவரும் தமிழர்தான் என்பது தனிக் கொடுமை.

கோடில் வேண்டாம், சரி. குறிப்பில்? அவுட்லைனர் என்பதே குறிப்புகளைக் கிளை கிளையாக அடுக்கும் மென்பொருள். எட்வர்ட் ரீம் பல வருடங்களாக பைதானில் வளர்த்துவரும் லியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே குறிப்பை நாலு கிளையில் குளோனாக வைக்கலாம், ஓரிடத்தில் திருத்தினால் நாலிடத்திலும் திருந்தும். (பி.காம். மக்களுக்கு: டேலியில் ஒரு வவுச்சர் போட்டால் இரண்டு லெட்ஜரிலும் ஏறுவது மாதிரி.) இந்த லியோவை விஎஸ் கோட் போன்ற எடிட்டரோடு பேசவைக்க லியோசர்வர் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. வெப்சாக்கெட் வழியே ஜேசன் செய்திகள் போகும், வரும். "கர்சர் இத்தனையாவது வரி, இத்தனையாவது இடம்" என்பதும் அப்படித்தான் போகிறது.

வம்பு அந்த 'இத்தனையாவது இடம்' என்பதில்தான். தென்காசி எத்தனை எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை நாலு என்று சொல்லும். பைதான் எட்டு என்கும், யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக இருப்பதால். கோ மொழியில் நீளம் கேட்டால் பைட்டை எண்ணி 24 என்கும். எடிட்டர் அனுப்பிய 8 என்ற எண்ணை, சர்வர் எட்டாவது பைட் என்று எடுத்துக்கொண்டால் கத்தி 'தெ' முடிந்து 'ன' நடுவில் விழும். அப்புறம் கட்டமும் கேள்விக்குறியும்தான். ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் ஒன்றாகவே வருவதால், எழுதியவர் மெஷினில் எல்லாம் சுபம்!

2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொழிச் சர்வர் நெறிமுறை யூடிஎஃப்-16 கணக்கைத்தான் விதித்தது. 2022இன் 3.17 பதிப்பிலிருந்து எடிட்டரும் சர்வரும் எந்தக் கணக்கு என்று முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளலாம். ஒரு வரி வேலை. அதற்கும் சோம்பல்.

"பைதானும் சரி, விஎஸ் கோடும் சரி, தென்காசிக்கு எட்டுதானே, தப்பிச்சோம்" என்பார்கள். முந்திரி வந்தால்? பாயசத்து முந்திரி இல்லை, 1/320 என்ற பழைய பின்னம். அதன் குறியீடு 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்தது. பைதானுக்கு அது ஒன்று, யூடிஎஃப்-16க்கு இரண்டு. எண்ணை மாற்றாமல் அப்படியே கடத்தும் ஸ்கிரிப்டில், பழைய கணக்கேட்டைத் தட்டெழுதும் ஒருவருக்கு முந்திரிக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு இடமும் ஒன்று தள்ளிப்போகும். கணக்கில் ஒரு இடம் தள்ளினால் என்ன ஆகும் என்று எந்தக் கடைக்கார அண்ணாச்சியிடமும் கேட்கலாம்.

இன்னொரு கோஷ்டி, எழுத்துக்கு ஒரு குறி தரும் டேஸ்-16 போதும் என்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு அதையும் ஏற்றது நிஜம். ஆனால் எடிட்டர்கள் எல்லாம் யூனிகோடில் ஓடும்போது அது இந்த ஸ்கிரிப்டைச் சரிசெய்யாது.

மத்தளம்பாறையில் 2011இல் ஸோகோ வந்ததும், ஸோகோ டெஸ்க் அங்கிருந்தே உருவானதும் ஊருக்குப் பெருமைதான். மென்பொருள் சென்னையில்தான் பிறக்கும் என்ற பேச்சு அதோடு முடிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளே எழுதும் பாலம் ஊர்ப்பெயரில் தடுக்கி விழலாமா? பெரிய தமிழ்த்தொண்டு எதுவும் வேண்டாம். முதல் டெஸ்ட் கேஸில் 'ஹலோ வேர்ல்ட்' இருக்கும் இடத்தில் குற்றாலத்தைப் போடட்டும்: ஐந்து எழுத்து, ஒன்பது குறி, 27 பைட். பக்கத்தில் ஒரு முந்திரி.