சொந்தமா, குத்தகையா?

கடையநல்லூர் வட்டாரத்தில் குத்தகை என்பது வயலோடு ஒட்டிய சொல். கருப்பாநதி நீரில் விளையும் நெல்வயலுக்கு உடையவர் ஒருவராகவும் உழுபவர் மற்றொருவராகவும் இருப்பது அங்கே புதுமையன்று. வயலுக்குக் குத்தகையும் வாரமும், வீட்டுக்கு ஒத்தியும் வாடகையும் எனப் பொருளைத் தமதாக்கிக் கொள்ளாமலே அதன் பயனைப் பெறும் வழிகளுக்குத் தமிழர் தனித்தனியே பெயரிட்டு வைத்துள்ளனர். ஆயினும் மகிழுந்து என்று வந்துவிட்டால் இந்தப் பழக்கமெல்லாம் மறந்துபோகிறது. வாசலில் நிற்பது சொந்த வண்டியாக இருந்தால்தான் மதிப்பு என்னும் எண்ணம் மேலோங்கிவிடுகிறது.

நிலத்துக்குரிய கணக்கை வண்டிக்கும் போடுவதே இதன் காரணம். வாங்கிய நிலத்தின் விலை பெரும்பாலும் ஏறும்; வாங்கிய மகிழுந்தின் விலையோ முதல் நாளிலிருந்தே இறங்கும். இந்தியாவில் வாகனக் காப்பீட்டுக்கு மதிப்பிடும்போது, ஆறு மாதம் கடந்து ஓராண்டுக்குள் உள்ள வண்டிக்கு 15 விழுக்காடும், நான்காண்டு கடந்து ஐந்தாண்டுக்குள் உள்ள வண்டிக்கு 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிப்பது நடைமுறை. எட்டு இலட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி ஒன்றை இரண்டு இலட்சம் முன்பணம் கட்டி, மீதி ஆறு இலட்சத்தை ஒன்பது விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்று வாங்குவதாகக் கொள்வோர் கணக்கைப் பார்க்கலாம். மாதத் தவணை ஏறத்தாழ 12,455 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் கைவிட்டுப் போன தொகை 9,47,000 ரூபாய்க்கு மேல். கையில் எஞ்சுவது நான்கு இலட்சம் பெறுமானமுள்ள பழைய வண்டி. எரிபொருளும் பழுதும் காப்பீடும் சேராமலே மாதம் 9,100 ரூபாய் கரைந்திருக்கிறது. வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் இதில் பெரிய மாற்றமில்லை.

எனில் குத்தகை மலிவு என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் அவசர முடிவே. குத்தகைக்கு விடும் நிறுவனம் அதே தேய்மானத்தையும் வட்டியையும் தன் இலாபத்தோடு சேர்த்து மாத வாடகையாகப் பெறுகிறது. முன்பணம் குறைவு, பழுதுச் செலவு பலவேளை வாடகைக்குள் அடங்கும், விற்கும் தொல்லை இல்லை என்பன அதன் நன்மைகள். இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது, இடையில் திருப்பித் தந்தால் தண்டம் என்பன அதன் கட்டுகள். வயலை உழும் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டின் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. வண்டிக் குத்தகைதாரருக்கு அப்படியொரு சட்டமில்லை. கையொப்பமிட்ட ஒப்பந்தமே எல்லாம். வாங்கியவரோ கடன் முடிந்தபின் வாடகையின்றி ஓட்டுகிறார். தனியார் வண்டியின் முதற்பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், ஒரே வண்டியை நெடுங்காலம் வைத்துப் பேணுவோருக்குச் சொந்தமே சிக்கனம்.

கடையநல்லூரிலிருந்து கடல் கடந்தவர்களுக்கு இதன் வேறொரு முகம் தெரியும். சிங்கப்பூரில் 1941இலேயே தமக்கெனச் சங்கம் கண்ட ஊர்க்காரர்கள் அவர்கள். அந்நாட்டில் 1990 முதல், மகிழுந்து வாங்குவோர் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெற வேண்டும். அதன் ஆயுள் பத்தாண்டு. அண்மை ஆண்டுகளில் அதன் விலை 1,00,000 வெள்ளியையும் கடந்ததுண்டு. பத்தாண்டு முடிந்தால் மீண்டும் பணம் கட்ட வேண்டும், இல்லையேல் வண்டியை விட்டுவிட வேண்டும். பெயர் என்னவோ சொந்தம். உண்மையில் அது அரசிடம் எடுத்த குத்தகை. வளைகுடா நாடுகளிலோ, வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம்களுக்காக வங்கியே வண்டியை வாங்கி வாடகைக்கு விடும் இஜாரா முறை பரவலாக உள்ளது. அங்கே அம்முறையில் வண்டி ஓட்டியவர் ஊர் திரும்பியதும் வங்கிக் கடனில் வாங்கத் துணிவதுதான் வியப்பு.

ஊரில் அவருக்கு வேறு வழி குறைவு என்பதும் மெய். மகிழுந்துக் குத்தகையும் தாமே ஓட்டும் வாடகை வண்டியும் பெருநகரங்களைச் சுற்றியே வளர்ந்துள்ளன. வாடகை மகிழுந்துக்கான 1989ஆம் ஆண்டுத் திட்டம் உரிமம் பெறக் குறைந்தது ஐம்பது வண்டிகளைக் கேட்கிறது. சிற்றூர் முதலீட்டாளருக்கு அது எட்டாத எண்ணிக்கை. தெரிந்தவரின் வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குப் பெறும் குறுக்குவழி சட்டத்துக்கு மாறானது; விபத்து நேர்ந்தால் காப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

எஞ்சுவது மஞ்சள் பலகையும் ஓட்டுநரும் உள்ள வாடகைக் கார். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருபவர், செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு இருமுறையும், தென்காசிக்கும் உறவினர் திருமணங்களுக்கும் சிலமுறையும் பயணம் செய்கிறார். அதற்காகப் பதினொரு மாதம் தார்ப்பாய்க்குள் உறங்கும் வண்டியை வைத்திருப்பதைவிட, ஒவ்வொரு பயணத்துக்கும் வாடகை தருவது பன்மடங்கு மலிவு. நாள்தோறும் சரக்கெடுக்கச் செல்லும் வணிகருக்கும், நோயுற்ற பெற்றோரை நள்ளிரவிலும் அழைத்துச் செல்ல வேண்டியிருப்பவருக்கும் இக்கணக்கு பொருந்தாது, அவர்கள் வாங்கட்டும். வாடகைக் காரின் ஓட்டுநரும் தவணைக் கடனில்தான் வண்டி வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் வண்டி இன்று திருவனந்தபுரம், நாளை மதுரை என ஓடித் தன் தவணையைத் தானே ஈட்டிக்கொள்கிறது.