ரத்தத்தில் எழுதிய தலைவிதியா?

ஆழ்வார்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஓர் அம்மாள் கேட்டார்: "எங்கம்மா நெஞ்சடைச்சுத்தான் செத்துச்சு அண்ணே. எனக்கும் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சைப் பிடிக்குது. வேலை செய்யிற வீட்டு ஐயா, 'அது உங்க பரம்பரை ரத்தம், ஒண்ணும் பண்ண முடியாது'ங்கறாரு. நெசமா?"

பொய்! அரை உண்மைக்கு முழு வேஷம் போட்ட பொய்!

அந்த அரை உண்மை எது? 2024-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பிரிட்டனில் சுமார் 3 லட்சத்து 45 ஆயிரம் பேரின் ஜீன்களையும் நோய் விவரங்களையும் ஒப்பிட்டார்கள். ஜீன் என்பது தாய் தந்தையிடமிருந்து நமக்கு வரும் பரம்பரைக் கூறு. மனச்சோர்வு நோய்க்கு இடம் கொடுக்கும் ஜீன்கள் மிகுந்த பெண்களுக்கு இருதய நோய் அபாயமும் கூடுதல் என்று கண்டார்கள். மனநோய் உண்டென்று எந்த டாக்டரும் சொல்லாத பெண்களுக்கும் அப்படியே. ஆண்களிடம் இத்தொடர்பு அவ்வளவு வலுவாக இல்லை.

ஆக, மனமும் இருதயமும் தனித்தனி அல்ல. இரண்டிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. இது விஞ்ஞானம். மறுக்கவில்லை.

ஆனால் கனவான்கள் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறார்கள்? நேற்று 'பூர்வ ஜன்மப் பாவம்' என்றார்கள்; இன்று 'ஜீன்' என்கிறார்கள். பெயர்தான் மாறியது, கைகழுவும் வித்தை மாறவில்லை!

விவசாயத் தோழர்களே, ஒரே விதை நல்ல வயலில் விளைகிறது. களர் நிலத்தில் கருகுகிறது. விதையை மட்டும் குற்றம் சொல்வீர்களா?

2004-ல் இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பெண்களின் மாரடைப்பு அபாயத்தில் 94 சதவீதத்துக்கு ஒன்பது காரணங்கள் கணக்குச் சொல்கின்றன. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, காய்கனி இல்லாத சாப்பாடு ஆகியவற்றோடு மன உளைச்சலும் அந்தப் பட்டியலில் உண்டு. இவை மாற்றக்கூடியவை!

மன உளைச்சல் எங்கிருந்து வருகிறது? 2000 முதல் நகரத்துக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்குத் தூக்கி எறிந்தார்கள். அங்கிருந்து இருட்டோடு பஸ் பிடித்து வந்து ஊரார் வீட்டைத் துடைக்கும் பெண்ணைக் கேளுங்கள். இரவு ஷிப்டு முடித்து வந்து அடுப்பு மூட்டும் மில் பெண்ணைக் கேளுங்கள். வாரத் தவணைக் கடனுக்கு அஞ்சி நாற்று நடும் பெண்ணைக் கேளுங்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்களே, அது ஜீன் செய்த வேலையா? தொழிலாளர் எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. விதி என்று இருந்திருந்தால் ஆகியிருக்குமா?

நம் ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி சோர்ந்து உட்கார்ந்தால் 'திமிர்' என்கிறோம். நெஞ்சு வலித்தால் 'வாயு' என்கிறோம். இதுவும் அநியாயமே! பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியோடு மட்டும் வருவதில்லை. மூச்சுத் திணறல், முதுகு வலி, தாடை வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. வீடு தேடி வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்ப்பது நல்லது. அதோடு மனச்சோர்வையும் கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.சி.ஜி.யும் மனநல சிகிச்சையும் கிடைக்க வேண்டும். மில் தொழிலாளி போராடிப் பெற்ற இ.எஸ்.ஐ. போன்ற பாதுகாப்பு, வீட்டு வேலைப் பெண்ணுக்கும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் வேண்டும்.

அந்த அம்மாளை ஒரு பெண் தோழர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது, மருந்து கொடுத்தார்கள். "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்றும் டாக்டர் கேட்டாராம். அதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

தாய் தந்தை தந்த ரத்தத்தை மாற்ற முடியாது. அந்த ரத்தத்தைக் கொதிக்க வைக்கும் வாழ்க்கையை மாற்ற முடியும். ஒன்றுபடுவோம், மாற்றுவோம்!