எல்லை கடந்த வண்டியும் எழுத்தின் கடமையும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, மாநில எல்லையைக் கடந்து கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கடலூருக்கு அருகே வங்கக் கடலைச் சேர்கிறது. ஆற்றுக்கு எல்லையில் எந்தச் சான்றும் வேண்டியதில்லை. அதே எல்லையைக் கடந்து வரும் ஓர் ஏழைத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்கோ பல சான்றுகள் வேண்டும்.

ஓசூர், வண்டிகள் பிறக்கும் ஊர். 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 இங்குதான் உருவாயிற்று. பின்னர் ஜப்பானியச் சுசுகி நிறுவனத்தின் கூட்டுறவால் மோட்டார் சைக்கிள்களும் இங்கே உருவாயின. அக்கூட்டுறவு 2001-இல் முடிவுற்றது. தொழிற்சாலை இன்றும் தொடர்கிறது. இங்கிருந்து செல்லும் வண்டி பெங்களூருவில் விற்பனையாகி, 'கே.ஏ.' எண் பெற்று, சில ஆண்டுகள் ஓடியபின் குறைந்த விலைக்கு ஓசூருக்கே திரும்பி வருவதுண்டு. அப்போது அது தான் பிறந்த ஊரிலேயே அயல் வண்டியாகிவிடுகிறது. கடல் கடந்து வருவது மட்டுமா இறக்குமதி? ஜூஜூவாடியைக் கடந்து வருவதும் ஒருவகை இறக்குமதிதான்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுவது தெளிவானது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பிறிதொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. திருட்டு வழக்கு இல்லை, வரி பாக்கி இல்லை என்பவற்றை உறுதிசெய்த பின்னரே அச்சான்று வழங்கப்படும். பிறகு உரிமை மாற்றம், இங்குள்ள அலுவலகத்தில் ஆய்வு, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரி எனப் படிகள் நீளும். அங்கே கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பப் பெறத் தனியே விண்ணப்பிக்கவேண்டும்.

என் வகுப்பு மாணவர் ஒருவரின் தமையனார் சிறு பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரம் இயக்குபவர். பெங்களூருவில் பழைய வண்டி ஒன்றை முழுப்பணமும் கொடுத்து வாங்கினார். கையில் கிடைத்தவை ஆர்.சி. புத்தகமும் கையெழுத்திட்ட ஒரு படிவமுமே. ஒருநாள் கூலியை இழந்து அலுவலகம் செல்ல மனமின்றி ஆண்டுகளைத் தள்ளினார். பின்னர் விற்றவரைத் தேடிச் சென்றபோது அவர் காலமாகிவிட்டிருந்தார். குடும்பத்தாரும் வீடு மாறிப் போயிருந்தனர். இன்று அவரால் அவ்வண்டியைப் பதியவும் இயலவில்லை. முறைப்படி விற்கவும் இயலவில்லை.

இழப்பு வாங்கியவருக்கு மட்டுமன்று. நவீன்குமார் எதிர் விஜயகுமார் என்னும் வழக்கில் 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. வண்டி பலர் கைமாறியிருப்பினும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பதே அதன் சாரம். அடிபட்ட குடும்பம் உரிமையாளரைத் தேடி ஊர் ஊராக அலையக்கூடாது என்னும் அறம் அதில் உள்ளது. வண்டியை விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக உறங்குபவர் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குறை மக்களிடம் மட்டும்தானா? 2021-ஆம் ஆண்டில் மைய அரசு 'பி.எச்.' என்னும் பாரத வரிசைப் பதிவெண்ணைக் கொண்டுவந்தது. மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாம் என்னும் நல்ல ஏற்பாடு அது. ஆயின் அரசு, பாதுகாப்புத்துறை, பொதுத்துறை ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவன ஊழியர்க்குமே அது கிட்டும். பட்டறைத் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எல்லையோர ஊர்களில் பழைய இருசக்கர வண்டிகளுக்கு ஒரே இடத்தில் சான்றும் வரிக்கணக்கும் முடிந்துபோகுமாறு இரு மாநிலங்களும் உடன்பாடு காணல் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் தகாது. வாங்குவோர், விற்பவர் தடையின்மைச் சான்று பெற்றுத் தரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கட்டும். முறையாக விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கப்படாவிடின் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்று சட்டத்தின் 48-ஆம் பிரிவு கூறுவதையும் அறிந்திருக்கட்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தட்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. கொடுக்கல் வாங்கலில் எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்பதை இதைவிட அழுத்தமாக எவ்வாறு உணர்த்துவது? வாய்ச்சொல்லை நம்பி வண்டியைக் கைமாற்றுவது பெருந்தன்மைபோல் தோன்றலாம். ஆயினும் அது பிறருக்குச் சுமையை விட்டுச்செல்வதாகும்.

தமிழ் படித்தவனால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. படிவத்தைப் படித்து, அதன் பொருளை எளிய தமிழில் எடுத்துரைத்து, பிழையின்றி நிரப்பித் தருவதும் தமிழ்ப்பணியே. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் முற்றத்தில் நம் மாணவர் இருவர் அமர்ந்தால் போதும். எச்சமயத்தவர் வந்தாலும் உதவட்டும். ஜமாஅத் பெரியோர்கள் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் தந்துதவ வேண்டுகிறேன். இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டிலேயே அதனைத் தொடங்குவோம்.