பழைய நகல்களை என்ன செய்வது?

கடைக்காரர் ஒருவர் கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். அது தொலைந்தால் வியாபாரமே போச்சு! ஆகவே, தினமும் இரவில் அதற்கு ஒரு நகல் எடுத்து, வாடகைக் கிடங்கு ஒன்றில் போட்டு வைக்கிறார். நல்ல காரியம்தான். ஆனால், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 365 நகல்கள்! அத்தனைக்கும் வாடகை!

பாங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் இன்று இந்தக் கதைதான். கணக்கு நோட்டுக்குப் பதில் "டேட்டாபேஸ்." நகலுக்குப் பெயர் "பேக்கப்." கிடங்குக்குப் பெயர் "கிளவுட்." அமேசான் கம்பெனி 2006-ம் ஆண்டில் "எஸ்3" என்ற கிடங்கைத் திறந்தது. வைக்கும் அளவுக்கு மாத வாடகை.

ஒரு நகல் 10 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் 3,650 ஜி.பி. சேர்ந்துவிடும். ஒரு ஜி.பி.க்கு மாதம் 2 சென்ட் என்றாலும், மாதம் 73 டாலர். கடைசி 30 நாள் நகலை மட்டும் வைத்தால் 6 டாலர் போதும்.

"அழித்துவிட்டேனே, வாடகை குறையவில்லையே!" என்று சிலர் திகைப்பது உண்டு. பழைய பதிப்புகளைக் காப்பாற்றும் வசதியைப் போட்டிருந்தால், அழித்த நகல் கண்ணுக்கு மறையுமே தவிர, கிடங்கை விட்டுப் போகாது. அனுப்பும்போது பாதியில் நின்றுபோன துண்டுகளும் அப்படியே கிடக்கும். இரண்டையும் தேடி அழிக்கவேண்டும்.

பணம் போனால் போகட்டும். திருட்டுப் பயம் அதைவிடப் பெரிது. 2016-ம் ஆண்டில் "உபர்" வாடகைக் கார் கம்பெனியின் எஸ்3 கிடங்கில் திருடர்கள் புகுந்து, டேட்டாபேஸ் நகலை எடுத்துப் போனார்கள். உலகம் முழுவதும் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. தேவை இல்லாத நகல் ஒவ்வொன்றும் திருடனுக்கு ஒரு கதவு.

அப்படியானால், இன்று இரவே எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? கூடாது!

"ஜிட்லேப்" கம்பெனியில் நடந்ததைக் கேளுங்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் இடம் அது. 2017 ஜனவரி 31 அன்று இரவு, ஊழியர் ஒருவர் தவறான கம்ப்யூட்டரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தவறு தெரிந்து நிறுத்துவதற்குள், 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி.!

"எஸ்3 கிடங்கில் நகல் இருக்கிறதே!" என்று ஓடினார்கள். கிடங்கு காலி! நகல் எடுக்கும் புரோகிராம் பழசு, டேட்டாபேஸ் புதுசு. இரண்டும் பொருந்தாமல், நகல் எடுக்கும் வேலை தோல்வி அடைந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்ல வந்த கடிதங்களும் தடைபட்டுத் திரும்பிவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்னால் எடுத்து வைத்திருந்த நகல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது.

"30 நாள் ஆன நகல் தானாக அழியட்டும்" என்று கிடங்கில் ஒரு விதி எழுதி வைக்கலாம். வசதியான விதி. எழுதத்தான் வேண்டும். ஆனால், அந்த விதிக்குக் கண் கிடையாது. புது நகல் வருவது நின்றுபோனாலும், அழிப்பது நிற்காது. ஒரு மாதத்தில் கிடங்கு சுத்தமாக இருக்கும். ஒன்றுமே இராது!

ஆகவே, விதி எழுதும் அன்றே இன்னொரு ஏற்பாடும் தேவை. இன்று நகல் வராவிட்டால் உடனே மணி அடிக்கவேண்டும். மாதம் ஒரு நகலைத் தனியாக எடுத்து, ஒரு வருடம் வரை வைக்கலாம். சட்டப்படி வைக்கவேண்டிய கணக்கை அதற்குரிய காலம் வரை வைக்கவேண்டும். வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவேண்டும்.

இது ஊழியரின் வேலை என்று முதலாளிகள் சும்மா இருப்பது சரியல்ல. மாத பில் வரும்போது, "ஏன் இவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறார்கள். "கடைசியாக எந்த நகலைத் திறந்து பார்த்தீர்கள்? எந்தத் தேதியில்?" என்றும் கேட்கட்டும்.